பெல்ட் இல்லாமல் ஓடிய மோட்டார் சைக்கிள்

புதன்கிழமை காலை பத்து மணி அடித்தபோது ஞானசிகாமணி வாத்தியாரின் உத்தியோகத்துக்கு இன்னும் ஆறு மணி நேர ஆயுள்தான் மிச்சம் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மிஷன் பள்ளிக்கூடக் கமிட்டி கூடுகிறது. மோட்டார் சைக்கிள் திருட்டுக் கேஸில் மாட்டிய வாத்தியார் என்று அவர் பெயரை அடித்துவிட்டால், பாளையங்கோட்டை மட்டுமில்லை, ஜில்லா முழுக்க எந்த மிஷன் பள்ளியிலும் அவர் இனிமேல் சாக்குக்கட்டியைத் தொட முடியாது. குடியிருப்பதும் பள்ளிக்கூடத்து வீடு. பொழுது சாய்வதற்குள் அதையும் காலி செய்தாக வேண்டும்.

அவர் மனைவி சாரம்மாள் முந்தின நாள் துப்பறியும் சிவசண்முகத்தின் வாசலில் வந்து நின்று சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"அவுக எடுக்கல, ஐயா."

"எப்படித் தெரியும்?"

"இருவது வருசமா கூட இருக்கேன். அடுத்த வீட்டுப் புளியம்பிஞ்சு எங்க முத்தத்துல விழுந்தாக்கூட எடுத்து அங்கனயே போடுத ஆளு."

கோர்ட்டில் சாட்சியாகச் செல்லாத பேச்சுதான். ஆனால் சிவசண்முகம் அந்தக் கோர்ட்டிலேயே பன்னிரண்டு வருஷம் ரிக்கார்டு கீப்பராக இருந்து, சத்தியப் பிரமாணம் செய்து சொன்ன பொய்களைக் கட்டுக் கட்டாகப் படித்து அலுத்துப்போய் வெளியே வந்தவர். செல்லாத பேச்சின்மேல்தான் அவருக்கு நம்பிக்கை. கேஸை எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறார், எழுந்தால் நடக்கிறார், நடந்தால் இடுப்புக் கடிகாரத்தை உருவிப் பார்க்கிறார்.

"அண்ணாச்சி, அதையே பாத்துக்கிட்டு இருந்தா முள்ளு வெக்கப்பட்டு நின்னுரவா போகுது?" என்றான் முகம்மது சுல்தான்.

சுல்தான் ஜட்கா வண்டிக்காரன். வண்டி வாடகை வாங்குவதோடு, துப்பறிவதற்கும் ஒத்தாசை. வாய் மட்டும் இலவசம்.

அவர்கள் முதலில் போனது வாத்தியார் வீட்டுக்கு. சுவரில் ஓர் ஆணி. அதில் வளையமாகத் தொங்கியது ஒரு தோல் பெல்ட். மோட்டார் சைக்கிளின் இன்ஜினையும் பின் சக்கரத்தையும் இணைத்து ஓட வைக்கிற பெல்ட் அது. சிவசண்முகம் அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, மோந்தும் பார்த்தார். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வேதக்கோயில் ஆராதனைக்கு அரைமணி நேரம் பிந்தி வந்திருக்கீரு. எங்க இருந்தீரு வாத்தியாரே?"

"வீட்டுல அவளுக்குக் காய்ச்சல். கஞ்சி குடுத்துட்டு வந்தேன். வார வழியில கொஞ்சம் நின்னேன்."

"எதுக்கு?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். போலீஸ் கேட்டபோதும் அதே தரையைத்தான் பார்த்திருக்கிறார். இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் தட்டியதே அந்தத் தரையால்தான். சிவசண்முகத்துக்கும் நெஞ்சுக்குள் ஏதோ லேசாக உறுத்தியது. அதைச் சாரம்மாள் முகத்தைப் பார்க்காமல் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வாத்தியார் வீட்டுக்கு நேர் எதிரே, ரிட்டயர்டு தாசில்தாரும் கோயில் தர்மகர்த்தாவுமான தில்லைநாயகம் பிள்ளையின் வீட்டு வண்டிக் கொட்டகை. அங்கேதான் மோட்டார் சைக்கிள் நின்றது. ஞாயிறு காலை தெருவில் பாதிப் பேர் வேதக்கோயிலில் இருந்த நேரத்தில் காணாமல் போனது. பிள்ளையின் ஒரே மகன் தாணுமாலையன் அதன் சொந்தக்காரன். கால்வாய் ஓவர்சியர். சீமைக்குத் திரும்பிய ஓர் இன்ஜினியர் துரையிடமிருந்து வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அன்றைக்கு அவன் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தான்.

"பெல்ட்டைக் கழட்டிட்டா வண்டி பொணம் மாதிரி, அண்ணாச்சி. பெடலை எம்புட்டு மிதிச்சாலும் இன்ஜின் பிடிக்காது. அதான் தினமும் கழட்டிருவேன்" என்றான் தாணு. மூன்று நாள் சவரம் செய்யாத முகம்.

"கழட்டுனதை உன் வீட்டுல வைக்காம எதுக்குலே வாத்தியார் வீட்டுல வைக்கணும்?"

"அப்பா தோலை நடை தாண்ட விட மாட்டாகள்லா! செருப்பே தெருவுலதான். பூசை உள்ள வீடு."

"மாட்டுக் கொட்டகையில தொங்கவிடலாமே" என்று சொல்லிவிட்டு, சுல்தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். "வேண்டாம் வேண்டாம். அதுக உறவுக்காரன் தோலைப் பாத்து அழுதுரும்."

"வாத்தியாரு நல்ல மனுசன்னு நெனச்சுக் குடுத்தேன்" என்றான் தாணு. "அவரைத் தவிர பெல்ட்டு யார்கிட்டயும் இல்ல. ஆனா தெருவே கேட்டிருக்கு, டபடபன்னு வண்டி ஓடுன சத்தத்தை."

சிவசண்முகம் கொட்டகைத் தூணைத் தட்டிப் பார்த்தார். நல்ல கருங்கல் தூண். "முன் சக்கரத்தை இதோட ஒரு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தா?"

"சங்கிலி உரசுனா பெயிண்டு போயிரும்."

"இப்ப பெயிண்டு போகல. வண்டி போயிருச்சு" என்றான் சுல்தான். "என் குதிரையைப் பாரும் தம்பி. சந்தையில விட்டாலும் எவனும் தொட மாட்டான். கடிக்கும். வண்டி செய்தவன் அதுக்கு ரெண்டு பல்லு வச்சு அனுப்பியிருக்கணும்."

"பிளக்குக்குப் போகுத வயரு விரல் நீளந்தான் இருக்கு. அதைக் கழட்டி மடியில சொருகியிருந்தாலும் போதும். அதுல தோலும் இல்ல, தீட்டும் இல்ல. ஒத்தைப் பூட்டை நம்பி, அந்தச் சாவியையும் ஊரறிய ஒரு வீட்டு ஆணியில தொங்கவிட்டிருக்கே" என்றார் சிவசண்முகம். சொல்லிக்கொண்டே குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். வண்டி நின்ற இடத்தில் சிந்திய எண்ணெய்க் கறையில் வெள்ளையும் நீலமுமாக நாலைந்து பஞ்சு நூல்கள் ஒட்டியிருந்தன.

சுல்தான் வாங்கிப் பார்த்தான். "கட்டில் நாடா நூலு. எங்க மேலப்பாளையத்துத் தறி. இந்த நீலக்கரை வேற எங்கயும் கிடையாது."

"இந்தக் கொட்டகையில கட்டில் ஏது?"

"நான் பொறந்ததுல இருந்து இங்கன கட்டில் போட்டதில்ல" என்றான் தாணு.

சிவசண்முகம் நூலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மணி பத்தரை.

வண்டிச் சத்தம் மேற்கே, கால்வாய்க் கரைச் சாலையில் போனதாகத் தெரு சொன்னது. மேலப்பாளையத்துக்கு முன்னால் உள்ள பாலத்தருகே யாரும் அதைக் கேட்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அப்படியானால் நடுவில் எங்கேயோ வண்டி வாயை மூடியிருக்கிறது. ஜட்கா தாணுவையும் சேர்த்து மூவரைச் சுமந்துகொண்டு கரைமேல் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. சிவசண்முகம் பாதித் தூரம் இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தார். குதிரையின் வேகம் அவருக்குப் போதவில்லை.

துவைகல்லில் துணி அடித்துக்கொண்டிருந்த மாரித்தாய் அவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமையா? வந்துச்சே சாமி! டபடபடபன்னு வந்துச்சு, வந்து நின்னே போச்சு. நான் பாக்கல. பட்டப்பகல் முனின்னு நெனச்சுக் குனிஞ்சுக்கிட்டேன்."

"எங்கன நின்னுச்சு?"

"அந்தக் கோரைப் பக்கம். பொறவு யாரோ 'சிவ சிவா'ன்னு முனங்குனாப்ல இருந்துச்சு. முனி சிவன் பேரைச் சொல்லுமா? அதான் இன்னும் பயந்துட்டேன்."

கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. சுல்தான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினான். பத்தடி உள்ளே, ஹாண்டில் பாரில் சேறு வழிய, மோட்டார் சைக்கிள் ஒருக்களித்துப் படுத்திருந்தது. தாணு ஓடிப்போய் அதன் பெட்ரோல் டாங்கியைத் தடவினான். பெற்ற பிள்ளையைத் தூக்குகிற மாதிரிதான் அதை நிமிர்த்தினான்.

இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பெல்ட் அறுந்து தொங்கியது. தோல் இல்லை. நாலு மடிப்பாகத் தைத்த கட்டில் நாடா. உராய்ந்து உராய்ந்து கருகி, பாதி சாம்பலாகிப் போயிருந்தது.

"நாடாவுல பெல்ட்டா?" சுல்தான் சிரித்தான். "பேட்டையில சேணக்காரன் இருக்கான், என் கடிவாளம் எல்லாம் அவன் தைச்சதுதான். ஒரு மொழத் தோலுல ஒழுங்கா தைச்சுக் குடுத்திருப்பான். இதைக் கட்டிக்கிட்டுத் திருட வந்தவனை என்னன்னு சொல்லுதது! கஞ்சத் திருடனா, மக்குத் திருடனா?"

சிவசண்முகம் கோரைக்குள் கிடந்த இன்னொன்றைக் கையில் எடுத்திருந்தார். ஒரு முழம் சதுரத்துக்கு வெட்டிய பாய்த் துண்டு. நாலு மூலையிலும் கயிறு கட்டியிருந்தது. பட்டுப்போல மெல்லிய பாய், கையில் மடித்தால் துணியாக மடிகிறது.

"பத்தமடைப் பாயி" என்றான் சுல்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை. "அதுலயும் கலியாணப் பாயி. இதை வெட்ட எவனுக்குவே மனசு வரும்?"

தாணு ஆளனுப்பி, இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அவர் நாடா பெல்ட்டைப் பிரம்பு நுனியால் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"நான் சொன்னது சரியாப் போச்சு. அசல் பெல்ட்டு ஆணியிலேயே தொங்கணும், வண்டியும் போகணும். அதுக்கு வாத்தியான் நகல் தைச்சிருக்கான். அளவெடுக்க அவனுக்குத்தான் ராப்பகலா பெல்ட்டு கையில இருந்துச்சு. கூட்டாளி ஒருத்தன் ஓட்டிக்கிட்டு வந்து இங்க ஒளிச்சு வச்சிருக்கான். இவன் பிந்திப் போனது அவனை வழியனுப்பத்தான். நாலு மணிக்குக் கமிட்டியில இதை நானே சொல்லிருதேன்."

கண்டுபிடித்த வண்டி வாத்தியாரைக் காப்பாற்றும் என்று பார்த்தால், கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டது. கெட்டிக்காரத்தனமான தப்பு எவ்வளவு ஆபத்தானது என்று சிவசண்முகத்துக்குத் தெரியும். கோர்ட்டுக் கட்டுகளில் பாதி அதுதான்.

"சுல்தான், மேலப்பாளையத்துல நாடா தைச்சுக் குடுக்க ஆள் யாரு?"

"அக்தர் பானு லாத்தா. எங்க பெரியவாப்பா மக, எனக்கு அக்கா முறை."

"குதிரையைத் தட்டும்."

"அதுக்கு இன்னும் கொள்ளு வைக்கல, அண்ணாச்சி."

"எனக்கும்தான் வைக்கல. தட்டும்வே!"

அக்தர் பானு தறிக்குழியிலிருந்து எழுந்து வராமலே, கதவுக்குப் பின்னால் இருந்தபடி பேசினாள். நீலக்கரை நூலை நீட்டியதும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இதை மறக்க முடியுமா தம்பி? பெருவிரல் அகலம், நாலு மடிப்பு, ரெண்டு நுனியும் சேத்து வளையமாத் தைக்கணும்னாரு. சுத்து நாடாவுல எந்த மனுசன் படுப்பான்னு கேட்டேன்."

"எப்ப வந்தாரு? ஆளு எப்படி?"

"பதினஞ்சு நாளிருக்கும். குடையை விரிச்சு மொகத்தை மறைச்சுக்கிட்டு, அந்த வேப்பமரத்தடியில தள்ளி நின்னாரு. கொரலு வயசானவுக கொரலு. ஆளு பேரு சொல்லல. ஆனா ஒண்ணு, மூணு தடவை கேட்டாரு. 'நூலுக்கு மாட்டுக் கொழுப்பு தடவுவீயளா?'ன்னு. முறுக்கு நிக்கணும்னா தடவத்தான் செய்வோம்னேன். துள்ளிப்போனாரு. 'கூடவே கூடாது'ன்னு, மடியில இருந்து தேன்மெழுகு உருண்டையை எடுத்து அங்கனயே தரையில வச்சுட்டுப் போனாரு. தைச்சு முடிச்சதும் அதேபோலத் தரையில வச்சு வாங்கிக்கிட்டாரு."

சிவசண்முகம் திரும்பி ஜட்காவை நோக்கி நடந்தார். பாதியில் நின்றார். மறுபடி நடந்தார். வண்டியில் ஏறியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உமக்குக் கடிவாளம் அறுந்தா எங்க போவீரு?"

"சேணக்காரன்கிட்ட. சொன்னேம்லா."

"ஊர்த் திருடன் எவனா இருந்தாலும் அங்கதான் போவான். வாத்தியாரு நகல் தைக்கணும்னாலும் அங்கதான். அவரு வீட்டுல தோலு தொங்குது, அவருக்கு அதுல என்ன கூச்சம்? தாணு தினமும் அதைக் கையால பிடிச்சு மாட்டுதான். அப்ப, திருடப் போகையில கூடத் தோலைத் தொட மாட்டேங்கித ஆளு யாரு? ஒரு சொட்டுக் கொழுப்புப் பட்டாலும் ஆகாதுங்கிதவன் யாரு?"

சுல்தான் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். "நில்லுங்க. பெல்ட்டு நாடா, சரி. சீட்டு? வண்டிச் சீட்டு தோலாச்சே!"

சிவசண்முகம் பாய்த் துண்டை எடுத்து அவன் மடியில் போட்டார்.

சுல்தான் அதன் மூலைக் கயிற்றைத் தடவிப் பார்த்தான். பிறகு பைய கேட்டான். "அந்தப் பெரிய மனுசரா? கோயில் தர்மகர்த்தா?"

"தாசில்தாரா இருந்தப்ப கிராமம் கிராமமா சைக்கிள்ல போனவரு. சீட்டு மேல அப்பவும் பாய் கட்டியிருப்பாரு. எனக்கு மறந்தே போச்சு. ஞாயித்துக்கிழமையில இருந்து வாதம்னு படுத்திருக்காராம். காலையில அந்த வீட்டு வாசல்ல நின்னுதான் உறவுக்காரன் தோலைப் பத்தி நீரு பேசினீரு."

"அல்லா! அவரு காதுல விழுந்திருக்குமா?"

அவர்கள் தில்லைநாயகம் பிள்ளையின் வீட்டை அடைந்தபோது மணி மூன்று. சுல்தான் வாசலோடு நின்றுகொண்டான். சிவசண்முகம் செருப்பைத் தெருவில் விட்டுவிட்டு உள்ளே போனார். முப்பது வருஷமாக எங்கே பார்த்தாலும் அவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கும்பிட்டுவந்த பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு. வலது காலில் கெண்டைச் சதைக்குத் துணிக்கட்டு. வாதத்துக்குத் தடவுகிற தைலத்தின் வாசனை இல்லை. தீக்காயத்துக்குப் போடுகிற வாழைக் குருத்து கட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

சிவசண்முகம் பாய்த் துண்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

பெரியவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"இப்போதைக்கு எனக்கு. வாசல்ல நிக்கித சுல்தானுக்கு."

"புகைக்குழாய் இப்படிக் கொதிக்கும்னு எனக்குத் தெரியாதுவே. பெல்ட்டு அளவைக் கொட்டகையில நூல் பிடிச்சு எடுத்தேன். மத்ததெல்லாம் மாடி ஜன்னல்ல இருந்து பாத்தே படிச்சேன். எந்த லீவரை எப்ப இழுக்கான், எப்ப விடுதான்னு எட்டு மாசம் பாத்தேன். பிசாசு வண்டின்னு வாயால வைவேன். ராத்திரி படுத்தா கையி தானா லீவரை இழுக்கும்." அவர் எழுந்து உட்கார்ந்தார். "கால்வாய்க் கரையில அரை மைல் போயிருப்பேன், சிவசண்முகம். மூஞ்சியில காத்து அடிச்சுது. நான் சத்தம் போட்டுச் சிரிச்சேன். கடைசியா எப்ப அப்படிச் சிரிச்சேன்னு ஞாபகமே இல்ல."

சிவசண்முகம் கோபத்தோடுதான் வந்திருந்தார். ஆனால் இந்த மனுஷர்மேல் அவருக்கு ஆசையே வந்துவிட்டது. பிறகு கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது.

"ஆராதனை முடியுததுக்குள்ள கொண்டாந்து நிறுத்திரலாம்னுதான் நெனச்சிருப்பீய. நாடா கருகிப்போச்சு, விழுந்துட்டீய, கோரைக்குள்ள தள்ளிட்டு வரப்பு வழியா வீட்டுக்கு வந்துட்டீய. அது வரைக்கும் சரி, பிள்ளைவாள். ஒங்க மகன் வண்டி. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் போலீஸ்காரன் எதிர்வீட்டுல ஏறினப்ப இதே ஜன்னல்ல இருந்து பாத்தியளா இல்லையா?"

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் இன்ஸ்பெக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுதேன். கேஸை மடக்கிப் போட்டுருவாரு."

"மடக்கிப் போட்டா, பிள்ளைவாள் தயவுல தப்பிச்ச கள்ளன்னு ஊர் சொல்லும். கமிட்டி பேரை அடிக்கத்தான் செய்யும். இன்னைக்கு ராத்திரி அந்தப் பொம்பளை சட்டிபானையோட தெருவுல நிப்பா."

"அறுவது வருசத்து மானம்வே! தர்மகர்த்தா பாயைக் கட்டிக்கிட்டு மோட்டார்ல போய் விழுந்தான்னு சின்னப் பிள்ளையெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும்."

"ஒங்களைப் பாத்துச் சிரிப்பாக, பிள்ளைவாள். அவரைப் பாத்துக் காறித் துப்புவாக. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

சிவசண்முகம் கும்பிடாமல் வெளியே வந்தார். அப்படி வந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஜட்காவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கடிகாரத்தை எடுத்தார், உள்ளே போட்டார், எடுத்தார். மூன்று நாற்பது. பெரியவர் வாயைத் திறக்காவிட்டால் கையில் இருப்பது ஒரு பாய்த் துண்டும் கொஞ்சம் சாம்பலும்தான். அதை வைத்துக்கொண்டு தர்மகர்த்தாவைத் திருடன் என்று சொன்னால், கமிட்டி முதலில் இவரைத்தான் வெளியே தள்ளும்.

நடையில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது.

தில்லைநாயகம் பிள்ளை தோளில் துண்டோடு, காலை இழுத்து இழுத்துப் படி இறங்கினார். பாய்த் துண்டு அவர் கையில் இருந்தது. ஜட்காவின் பின்னால் வந்தவர் சட்டென்று நின்றார். வண்டியின் ஆசனம் தோல் மெத்தை. நடந்து போகவும் கால் இடம் தராது, நேரமும் இல்லை.

சுல்தான் குதித்து இறங்கினான். பெரியவர் கையிலிருந்து பாய்த் துண்டைப் பணிவாக வாங்கி மெத்தைமேல் விரித்தான்.

"ஏறுங்க, ஐயா. பழகின பாயிதானே."

பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் கமிட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் பேசி முடித்திருந்தார். பாதிரியார் பேனாவை மைக்கூட்டில் நனைத்துக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி வாத்தியார் நடுவில், தான் பாடம் நடத்துகிற அதே இடத்தில், நின்றுகொண்டிருந்தார். கைத்தடிச் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். வேதக்காரர் பள்ளிக்கூடத்துக்குள் தில்லைநாயகம் பிள்ளை காலடி வைத்ததை அந்த ஊர் பார்த்ததில்லை. நாலு பேர் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பெரியவர் உட்காரவில்லை.

"வண்டியை எடுத்தவன் நான். இவருக்கு அதுல சம்பந்தம் இல்ல. இவர் மேல பழி விழுந்தது தெரிஞ்சும் மூணு நாள் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுக் கிடந்தவனும் நான்தான். அதையும் எழுதிக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். பெரியவர் குனிந்து காலில் இருந்த கட்டை அவிழ்த்தார். புகைக்குழாயின் அகலத்துக்குச் சதை வெந்து சிவந்திருந்தது. இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொண்டார். பாதிரியார் பேனாவைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் கமிட்டி கலைந்தது. வாசலில் நின்ற சாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரியவர் தலை குனிந்தபடி அவளைக் கடந்து போனார்.

தாணுமாலையன் ஓடி வந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், மன்னிச்சுக்கிடுங்க. அப்பா இப்படி... எனக்கு என்ன சொல்லன்னே தெரியல. வண்டியைக் கழுவி எடுத்துட்டேன். பெல்ட்டு வழக்கம்போல உங்ககிட்டயே இருக்கட்டும் சார். உங்களைவிட நம்பிக்கையான ஆளு எனக்கு யாரு?"

வாத்தியார் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. இனிமே அது எங்க ஆணியில தொங்க வேண்டாம்."

"கோவமா சார்?"

"கோவமில்ல. ஒங்க வண்டிக்கு வேற பூட்டு பாத்துக்கிடுங்க. நான் பூட்டா இருந்தது போதும்."

தாணு தலையைக் குனிந்துகொண்டு போனான். வராந்தாவில் சிவசண்முகமும் சுல்தானும் வாத்தியாரும் மட்டும் நின்றார்கள். கேஸ் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்று மட்டும் சிவசண்முகத்தை நிற்க விடவில்லை.

"வாத்தியாரே, அன்னைக்கு வழியில நின்னேன்னீரே. எதுக்கு நின்னீரு?"

"வண்டி வந்துச்சு. ஒதுங்கி நின்னேன்."

சிவசண்முகம் ஓர் அடி நெருங்கினார். "அவரைப் பாத்தீரா?"

"இந்தா, இம்புட்டுத் தூரத்துல. சிரிச்சுக்கிட்டே போனாக. பிள்ளைவாள் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்."

"அட, அதை அன்னைக்கே போலீஸ்ல சொல்லியிருந்தா? காலையில நான் கேட்டப்பவாவது சொல்லியிருந்தா?"

வாத்தியார் முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"கோயில் தர்மகர்த்தா மோட்டார் ஓட்டிக்கிட்டுப் போனாகன்னு, கள்ளன்னு பேரெடுத்து நிக்கித நான் சொல்லுதேன். நீங்க நம்பியிருப்பீயளா, ஐயா?"

சுல்தான் குதிரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

சிவசண்முகம் இருபது வாக்கியங்களை மனத்துக்குள் எடுத்துப் பார்த்தார். எல்லாமே கோர்ட்டுக் கட்டில் படித்த வாக்கியங்கள். ஒன்றும் உதவாது.

"மாட்டேன், வாத்தியாரே" என்றார்.

வாத்தியார் தலையசைத்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த மனைவியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.